மதுரை வெயிலில் நின்ற கிரீம்

1990-களில் மதுரையில் பிறந்தநாள் கொண்டாடியவர்களுக்கு ஒரு கேக் ஞாபகம் இருக்கும். வெள்ளையும் ரோஸும் கலந்த பூச்சு, நடுவில் ரோஜாப்பூ, பக்கத்தில் இரண்டு பச்சை இலை, ஓரமெல்லாம் வெள்ளி மணி. வாயில் போட்டால் சீனி முதலில் கரையும். கொழுப்பு மட்டும் மேல் அண்ணத்தில் ஒட்டிக்கொண்டு நிற்கும், சூடாக ஒரு காபி குடித்தால்தான் போகும். இன்றைக்கு டவுனுக்குள் அந்தக் கேக்கைத் தேடிப் பிடிப்பதே கஷ்டம். அதன் இடத்தில், வாயில் வைத்ததும் காணாமல் போகிற இலேசான வெள்ளைக் கிரீம் வந்து உட்கார்ந்துவிட்டது.

இந்த மாற்றம் கேக் மாஸ்டர்கள் கூடிப் பேசி எடுத்த முடிவல்ல, கேக் வாங்கியவர்கள் கேட்டு வந்ததும் அல்ல. பேக்கரிக்குச் சாமான் செய்து கொடுக்கிற கம்பெனிகள் கொண்டுவந்தது. பேக்கரியைப் பற்றி எழுதுகிறவர்கள் மாஸ்டரைப் பற்றி எழுதுவார்கள், அடுப்பைப் பற்றி எழுதுவார்கள், முதலாளி எப்படி முன்னுக்கு வந்தார் என்று எழுதுவார்கள். மாவு மூட்டைக்குப் பின்னால் அடுக்கியிருக்கும் டப்பாக்களை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. கீழமாசி வீதிப் பக்கம் ஒரு மொத்தக் கடையில் வேலைக்குச் சேர்ந்து, அப்புறம் சொந்தமாக ஏஜென்சி எடுத்து, மைதா, ஈஸ்ட், மார்ஜரின், ஜெல், எசன்ஸ் என்றே பிழைப்பு ஓடிக்கொண்டிருக்கும் எனக்கு அந்த டப்பாக்கள்மேல் தனிப் பாசம் உண்டு. அதிலும் ஒரு கம்பெனியின் கதையைச் சொல்லியே ஆக வேண்டும். அது நியூயார்க் மாநிலத்தில் இருக்கும் பஃபலோ நகரத்து ரிச் ப்ராடக்ட்ஸ்.

பஃபலோ ஈரி ஏரிக் கரையில் இருக்கிறது. நயாகரா அருவி பக்கத்தில்தான். குளிர்காலத்தில் ஆளை மூடுகிற அளவுக்குப் பனி கொட்டும் ஊர். அங்கே ராபர்ட் ரிச் என்பவர் 1935-ல் ஒரு பால் வியாபாரத்தை எடுத்து நடத்த ஆரம்பித்தார். பாலில்லாத கிரீமை உலகத்துக்குக் கொண்டுவந்தவர் பால்காரர்தான் என்பது இந்தக் கதையில் முக்கியம். கிரீம் என்றால் என்ன, அது எப்போது திரியும், எவ்வளவு நேரம் தாங்கும், என்ன விலைக்குப் போகும் என்பதெல்லாம் அவருக்குக் கைப்பாடம்.

இரண்டாம் உலக யுத்தம் வந்தது. வெண்ணெய்க்கும் பால் பவுடருக்கும் பால் தேவைப்பட்டதால், அடித்து நுரைக்க வைக்கிற கெட்டிக் கிரீமை விற்கவே அமெரிக்க அரசு தடை போட்டது. ரிச்சுக்கு யுத்தக் கால உணவு நிர்வாகத்தின் சார்பில் மிச்சிகனில் பால் விநியோகத்தைக் கவனிக்கும் பொறுப்பு கிடைத்தது. மிச்சிகன் என்றால் கார் கம்பெனி ஹென்றி ஃபோர்டின் ராஜ்ஜியம். ஃபோர்டுக்கு சோயா மேல் அப்படியொரு பித்து. 1934-ல் சிகாகோ உலகக் கண்காட்சிக்கு வந்த விருந்தினர்களுக்கு ஆரம்பம் முதல் கடைசி வரை சோயாவிலேயே விருந்து வைத்த மனிதர் அவர். சோயாவிலிருந்து கார் பாகத்துக்கு பிளாஸ்டிக், சட்டைத் துணிக்கு நூல் என்று அவருடைய ஆட்கள் என்னென்னவோ செய்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். சோயாப் பாலும் அதில் ஒன்று. ரிச் அதைப் பார்த்தார்.

அங்கேதான் பால்காரரின் கணக்கு வேலை செய்தது. சோயாவிலிருந்து பால் எடுக்க முடியுமென்றால் ஏன் கிரீம் எடுக்கக் கூடாது? பாலுக்குக் கிடைக்கும் காசு கொஞ்சம். கிரீமுக்கு நிறைய. அதிலும் கடையில் கிரீமே இல்லாத நேரம். பஃபலோவுக்குத் திரும்பி ஆட்களை வைத்து வேலை பார்த்து, 1945-ல் சோயாவில் செய்த கிரீமை வெளியே கொண்டுவந்தார். கம்பெனி பிறந்த வருஷமும் அதுதான்.

அதே வருஷம் நடந்த ஒரு சம்பவத்தைத்தான் இந்தத் தொழிலில் இருப்பவர்கள் திரும்பத் திரும்பச் சொல்வார்கள். லாங் ஐலண்டில் விற்பனை ஆட்களைச் சந்தித்துச் சரக்கை அடித்துக் காட்ட வேண்டும். ரிச் ரயிலில் கிளம்பினார். கிரீம் வழியில் கெட்டுவிடக் கூடாது என்று டிரை ஐஸ் (உறைய வைத்த கார்பன் டை ஆக்சைடு, சாதா ஐஸைவிட ரொம்பக் குளிர்) வைத்துக் கட்டி எடுத்துப் போனார். போய்ப் பிரித்துப் பார்த்தால் கிரீம் கல்லாக உறைந்து கிடக்கிறது. பால் கிரீமாக இருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். பால் கிரீம் உறையும்போது, உள்ளே இருக்கும் தண்ணீர் ஊசி ஊசியாகக் கட்டிப் பிடித்து, கொழுப்புத் துளிகளைச் சுற்றியிருக்கும் மெல்லிய தோலைக் கிழித்துவிடும். இளகினால் தண்ணீர் தனியாக, வெண்ணெய் தனியாகத் திரிந்து நிற்கும். ரிச் வேறு வழியில்லாமல் அந்தக் கட்டியை உடைத்து, இளக வைத்து, அடித்தார். கொஞ்சமும் குறையில்லாமல் பொங்கி வந்தது.

அந்த நிமிஷத்தில் இரண்டு விஷயம் சேர்ந்து பிறந்தன என்று நினைக்கிறேன். ஒன்று, பால் இல்லாத கிரீம். இன்னொன்று, மாதக்கணக்கில் ஃப்ரீசரில் வைத்து, தேவைக்கு எடுத்து அடிக்கிற கிரீம். பேக்கரிக்காரருக்கு இரண்டாவதுதான் பெரிய வரம். நாலைந்து நாளில் கெட்டுப்போகிற சரக்கை நம்பி யாரும் ஊர் ஊராக வியாபாரம் பண்ண முடியாது.

பால் பண்ணைக்காரர்கள் சும்மா விடுவார்களா? பாலில் தாவரக் கொழுப்பைக் கலந்து மாநிலம் விட்டு மாநிலம் விற்கக் கூடாது என்று அமெரிக்காவில் 1923-லேயே சட்டம் இருந்தது. போலிக் கிரீம் விற்கிறான் என்று ரிச் கம்பெனிமேல் வரிசையாக வழக்கு போட்டார்கள். இது பாலுக்குப் போலி இல்லை, இது தனிச் சரக்கு என்று கம்பெனி வருஷக்கணக்கில் வாதாடி நின்றது. 1973-ல் பஃபலோ பக்கத்தில் திறந்த அமெரிக்கக் கால்பந்து மைதானத்துக்கு ரிச் ஸ்டேடியம் என்று பெயர் வைக்கும் உரிமையைக் காசு கொடுத்து வாங்குகிற அளவுக்கு வளர்ந்தும்விட்டது. ராபர்ட் ரிச் 2006-ல் காலமானார். கம்பெனி இன்றும் அந்தக் குடும்பத்தின் கையில்தான் இருக்கிறது, பங்குச் சந்தைப் பக்கம் போகவில்லை.

இதே சண்டை நம் நாட்டில் வேறு ரூபத்தில் நடந்தது. லீவர் கம்பெனி 1937-ல் டால்டா என்ற வனஸ்பதியை, அதாவது கெட்டிப்படுத்தின தாவர எண்ணெயை, கொண்டுவந்தபோது நெய்க்காரர்களுக்கு வந்த பயமும் இதுதான். மஞ்சள் டப்பாவும் அதில் பச்சைப் பனைமரமும் தெரியாத வீடு அன்றைக்கு இல்லை. வனஸ்பதியை நெய்யில் கலந்து விற்றால் எப்படிக் கண்டுபிடிப்பது? அரசு ஒரு அழகான வழி கண்டுபிடித்தது. தயாரிக்கும்போதே வனஸ்பதியில் 5 சதவீதம் நல்லெண்ணெய் சேர்த்தாக வேண்டும் என்று விதி போட்டார்கள். சந்தேகப்பட்ட நெய்யில் ஹைட்ரோகுளோரிக் அமிலமும் ஃபர்ஃப்யூரால் என்கிற திரவமும் ஊற்றிக் குலுக்கினால், உள்ளே நல்லெண்ணெய் இருந்தால் சிவந்துவிடும். நெய்யில் நல்லெண்ணெய்க்கு வேலை இல்லை, ஆகவே கலப்படம். நம்ம ஊர் செக்கில் ஆட்டுகிற நல்லெண்ணெயை வைத்துத் திருடனைப் பிடித்திருக்கிறார்கள் என்று படித்தபோது எனக்கு ரொம்ப சந்தோஷமாக இருந்தது.

நான் முதலில் சொன்ன அந்தப் பழைய கேக்கின் பூச்சும் பெரும்பாலும் வனஸ்பதிதான். பட்டர் ஐசிங் என்று பெயர், ஆனால் வெண்ணெய் கட்டுப்படியாகாது. வனஸ்பதியையும் ஐசிங் சுகரையும் போட்டு வெளுக்கும்வரை தேய்த்து, எசன்ஸ் விட்டு, கலர் போட்டுப் பூ வைப்பார்கள். வனஸ்பதியின் உருகுநிலை 31-லிருந்து 41 டிகிரிக்குள் இருக்க வேண்டும் என்பது விதி. நம் வாய்க்குள் இருப்பது 37 டிகிரி. மேல்முனையில் இருக்கும் வனஸ்பதி வாயில் முழுதாக உருகாமல் அண்ணத்தில் ஒட்டிக்கொண்டதற்குக் காரணம் இதுதான். அதே காரணத்தால்தான் அந்தக் கேக் சித்திரை மாதத்து மதுரையில், ஏசி இல்லாத கண்ணாடி ஷோகேஸில், மூன்று நாள் அப்படியே நின்றது. ரோஜா இதழ் ஒன்றுகூடச் சாயாது. அந்தப் பூச்சைக் குறைவாகப் பேசுகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. ஃப்ரிட்ஜ் இல்லாத ஊருக்கு அது பொருத்தமான சரக்கு. அதை வைத்து இதழ் இதழாக ரோஜா வார்த்த மாஸ்டர்களின் கை லேசுப்பட்டதல்ல.

புதுக் கிரீம் அப்படியில்லை. அது குளிரை நம்பிப் பிறந்தது. சோயா போய், எண்ணெய்ப் பனையின் கொட்டையிலிருந்து எடுத்த எண்ணெயைக் கெட்டிப்படுத்தின கொழுப்பு வந்துவிட்டது. அதோடு தண்ணீர், சீனி, பாலிலிருந்து எடுத்த கேசினேட் புரதம், கொழுப்பையும் தண்ணீரையும் சேர்த்துப் பிடிக்கிற எமல்சிஃபயர். பேக்கெட்டுக்குள் பால்போல இருக்கும் அந்தத் திரவத்தில் கொழுப்பு கோடிக்கணக்கான துளிகளாக மிதக்கிறது. ஒவ்வொரு துளிக்கும் புரதத்தால் ஒரு சட்டை. பீட்டரில் அடிக்கும்போது காற்றுக் குமிழி உள்ளே போகிறது, சட்டை கிழிகிறது, துளிகள் ஒன்றோடொன்று பாதி ஒட்டிக் குமிழியைச் சுற்றி வலைபோலக் கட்டுகின்றன. பாதி ஒட்டுவதில்தான் எல்லாம் இருக்கிறது. கொழுப்பு கொஞ்சம் கெட்டியாகவும் கொஞ்சம் இளகியும் இருந்தால்தான் அப்படி ஒட்டும். சூடாகிவிட்டால் துளிகள் முழுசாகக் கலந்து எண்ணெயாகிவிடும், வலை கட்டாது. ஐஸாக இருந்தால் ஒட்டவே ஒட்டாது. அதனால்தான் ஃப்ரீசரிலிருந்து எடுத்து முதல் நாளே ஃப்ரிட்ஜில் இளக வைத்து, 7-லிருந்து 10 டிகிரிக்குள் அடிக்கச் சொல்கிறார்கள். சரியாக அடித்தால் ஒரு லிட்டர் மூன்று லிட்டருக்கு மேல் பொங்கும். பேக்கரி முதலாளிக்குப் பிடித்த கணக்கும் அதுதான்: அடித்து விற்கிற கிரீமில் பெரும்பங்கு காசில்லாத காற்று.

இந்தியாவில் ரிச் கம்பெனி கிராவிஸ் குழுமத்தோடு கூட்டுச் சேர்ந்து வந்தது. அதைப் பார்த்து மற்ற கம்பெனிகளும் இறங்கின. எங்கள் லைனுக்குள், திருமங்கலம், உசிலம்பட்டி, மேலூர், சிவகங்கை பக்கமெல்லாம், கிரீமை முதலில் கொண்டுபோனது டெமோ வழியாகத்தான். கம்பெனி ஆள் ஒருவர் மிக்சர், டர்ன்டேபிள், நாசில் சகிதம் வந்து பேக்கரிக்குப் பின்னால் நின்று அடித்துக் காட்டுவார். சரக்கை இறக்குவது, ஃப்ரீசர் இருக்கிறதா என்று பார்ப்பது, முதலாளியைச் சரிக்கட்டுவது எங்கள் வேலை.

திருமங்கலத்தில் ஒரு மாஸ்டர். பட்டர் ஐசிங்கில் கை ஊறினவர். நாங்கள் தெர்மாகோல் பெட்டியைத் திறந்து ஒரு பேக்கெட்டை எடுத்துக் கையில் கொடுத்ததும் மேசைமேல் தட்டிப் பார்த்தார். செங்கல் மாதிரிச் சத்தம் வந்தது.

“தம்பி, இது பனிக்கட்டியாவுல்ல இருக்கு. இத வச்சுக்கிட்டு நான் எப்பிடிப்பா பூ வக்கிறது?”

“நாளைக்குத்தான் மாஸ்டர் அடிக்கணும். இன்னிக்கி ஃப்ரிட்ஜுல கீழ்த்தட்டுல வச்சிருங்க.”

“ஒரு கேக்குக்கு ரெண்டு நாளா? நல்லாயிருக்கு.”

மறுநாள் போனபோது பேக்கெட்டைக் காதோரம் வைத்துக் குலுக்கிக்கொண்டிருந்தார். உள்ளே சளசளவென்ற சத்தத்தோடு சின்னக் கட்டி ஒன்று இடிபடுகிற சத்தமும் கேட்டது. அந்தக் கட்டி கரைவதற்குச் சற்று முன்னால் அடிப்பதுதான் பதம் என்று டெமோ ஆள் சொன்னார். ஊற்றி மிக்சரைப் போட்டதும் முதலில் ஒன்றும் நடக்கவில்லை, பால் சுற்றுவது மாதிரிச் சுற்றியது. அப்புறம் கம்பியின் தடம் மேலே தெரிய ஆரம்பித்தது. பளபளப்பாக இருந்தது மெல்ல மங்கி, கம்பியைத் தூக்கினால் நுனி வளைந்து நின்றது. டெமோ ஆள் நிறுத்தச் சொன்னார். மாஸ்டர் கேட்கவில்லை. பட்டர் ஐசிங்கில் தேய்க்கத் தேய்க்கத்தானே வெளுக்கும்? இன்னும் கொஞ்சம் விட்டார். கண் முன்னாலேயே திரிதிரியாக, ரவை மாதிரி ஆகிவிட்டது. அவர் பேசாமல் அதை ஓரமாக வைத்துவிட்டு இரண்டாவது பேக்கெட்டைக் கேட்டார். அதில் தன் கையாலேயே சரியான இடத்தில் நிறுத்தினார். கோன் போட்டு ஒரு ரோஜா வைத்துப் பார்த்து, “இதழு கனமில்லாம நிக்கிது. ஆனா வெயில்ல நிக்காதே தம்பி” என்றார்.

அவர் சொன்னதுதான் நடந்தது. மே மாதத்தில் மதுரையிலிருந்து மேலூருக்கு ஆட்டோவில் போன நிச்சயதார்த்தக் கேக் ஒன்று போய்ச் சேரும்போது மேல் அடுக்கு ஒரு பக்கமாக இறங்கிவிட்டது. அப்புறம் கேக்கை முதலில் ஃப்ரிட்ஜில் நன்றாக இறுக வைத்து, பெட்டிக்குப் பெட்டி ஐஸ் ஜெல் வைத்து, விடிகாலையில் அனுப்பப் பழகினார்கள்.

வெயிலைவிடப் பெரிய சோதனை மின்வெட்டு. 2012-ல் சென்னைக்கு வெளியே இருந்தவர்களிடம் அதைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஒரு நாளைக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல்கூட கரண்ட் இருக்காது. எப்போது போகும், எப்போது வரும் என்பதும் தெரியாது. ஃப்ரீசரில் இருக்கும் கிரீம் பாதி இளகி, கரண்ட் வந்ததும் திரும்ப உறையும். 1945-ல் ரயிலில் ஒரு தடவை உறைந்து பிழைத்த சரக்குதான், ஆனால் மாறி மாறி இளகி உறைந்தால் எந்தக் கிரீமும் தாங்காது. அடித்தால் பொங்காது, பொங்கினாலும் சாயங்காலத்துக்குள் தண்ணீர் விடும். அந்த வருஷம் பேக்கரிக்காரர்கள் பட்ட பாட்டை நேரில் பார்த்தேன். ஃப்ரீசரில் காலி இடம் இருந்தால் குளிர் சீக்கிரம் போய்விடும் என்று தண்ணீர் பாட்டில்களை உறைய வைத்து இண்டு இடுக்கெல்லாம் அடைத்தார்கள். சாக்குப் போர்வை போட்டு மூடினார்கள். ஜெனரேட்டர் வைத்திருந்தவர்கள் டீசல் காசைக் கணக்குப் போட்டுப் பார்த்துத் தலையில் கை வைத்தார்கள். திருமங்கலத்து மாஸ்டர் ராத்திரி எந்நேரம் கரண்ட் வந்தாலும் எழுந்து கிரீம் அடித்து வைத்துவிட்டுத் திரும்பப் படுப்பார். முடியாத சின்னக் கடைகள் கிரீமை நிறுத்திவிட்டு வனஸ்பதிப் பூச்சுக்கே திரும்பிப் போயின. அதில் அவமானம் ஒன்றும் இல்லை. கரண்ட் கேட்காத சரக்கு அது ஒன்றுதான்.

அந்தக் காலத்தைத் தாண்டி வந்த கடைகள்தான் இன்றைக்குக் கேக் வியாபாரத்தில் நிமிர்ந்து நிற்கின்றன. ஃப்ரீசரைப் பராமரிக்கத் தெரிந்த கடைக்குக் கேக் வந்தது, தெரியாத கடை பன்னும் ரஸ்க்கும் போட்டுக்கொண்டு நின்றுவிட்டது. மதுரைப் பக்கத்துப் பேக்கரிகளை அடுப்பை வைத்துத் தரம் பிரிக்கிறவர்களிடம் நான் எப்போதும் சொல்வது, போய்க் குளிர்பெட்டியைத் திறந்து பாருங்கள் என்பதுதான்.

வனஸ்பதிப் பூச்சுக்குக் கடைசி அடி சட்டத்திலிருந்து வந்தது. எண்ணெயைப் பாதி மட்டும் கெட்டிப்படுத்தும்போது டிரான்ஸ் கொழுப்பு உண்டாகிறது. இருதயத்துக்கு ஆகாதது அது. எண்ணெய், கொழுப்பு வகைகளில் டிரான்ஸ் கொழுப்பு 2021 ஜனவரியிலிருந்து 3 சதவீதத்துக்கு மேலும், 2022 ஜனவரியிலிருந்து 2 சதவீதத்துக்கு மேலும் இருக்கக் கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் விதித்தது. வரவேற்க வேண்டிய விதி. முழுவதுமாகக் கெட்டிப்படுத்தின கொழுப்பில் டிரான்ஸ் அநேகமாக இருக்காது. ஆனால் பூரிதக் கொழுப்பு நிறைய இருக்கும். டிரான்ஸ் இல்லை என்று அட்டையில் பார்த்துவிட்டு உடம்புக்கு நல்லது என்று சொல்லி விற்கிறவர்களை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். பால் கிரீம் என்று சொல்லி விற்பதையும் ஒத்துக்கொள்ள மாட்டேன். இது தனிச் சரக்கு என்றுதான் அந்தக் கம்பெனியே கோர்ட்டில் நின்று வாதாடியது. அந்த நேர்மை கேக் வெட்டுகிற மேசை வரைக்கும் வர வேண்டும். இன்னொன்று, பாலே ஒத்துக்கொள்ளாத பிள்ளைகள் இருக்கும் வீட்டில் கேக் வாங்கும்போது பேக்கெட்டில் கேசினேட் என்று போட்டிருக்கிறதா என்று கடையில் கேளுங்கள். கேட்டால் காட்டுவார்கள். அது பாலிலிருந்து வந்த புரதம்.

இப்போது அமுல் விற்கும் 30 சதவீதக் கொழுப்புள்ள பால் விப்பிங் கிரீம் மதுரையிலேயே கிடைக்கிறது. ருசி என்று பார்த்தால் அதற்கு ஈடு கிடையாது, ஆனால் பூ வைத்தால் நம் வெயிலில் நிற்காது. அதனால் சில மாஸ்டர்கள் இரண்டையும் சேர்க்க ஆரம்பித்திருக்கிறார்கள், நிற்பதற்கு ஒன்று, ருசிக்கு ஒன்று என்று. ஒரு காலத்தில் கோர்ட்டுக்குப் போன இரண்டு கிரீமும் இன்றைக்கு ஒரே சட்டியில் சுற்றுகின்றன. திருமங்கலத்து மாஸ்டரின் மகன் இப்போது மதுரை அண்ணா நகரில் தனியாகக் கடை போட்டிருக்கிறான். அவனுடைய கணக்கு பாலில்லாத கிரீம் இரண்டு பங்குக்குப் பால் கிரீம் ஒரு பங்கு: பாலில்லாத கிரீம் முதலில், பாதி நுரை வந்த பிறகுதான் பால் கிரீமை ஊற்றுகிறான், இரண்டும் ஃப்ரிட்ஜிலிருந்து அப்போதுதான் வெளியே வந்திருக்க வேண்டும்.